வெர்ஷன் எண்ணைச் சோதிக்க ‘பேக்கேஜிங்’ லைப்ரரி: பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தது

பைத்தான் நிரல்மொழியில் லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்துகிற நிரல் தொகுப்பு) எழுதி வெளியே கொடுக்கிறவர்கள் அதில் இருக்கிற எல்லாவற்றுக்கும் டெஸ்ட் (அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கிற சின்ன நிரல்) எழுதுவார்கள், அதன் வெர்ஷன் எண்ணுக்கு மட்டும் எழுத மாட்டார்கள். நாங்களும் ரொம்ப நாள் எழுதாமல்தான் இருந்தோம். எழுத ஆரம்பித்த பிறகு நான் விடாமல் பயன்படுத்துவது ‘பேக்கேஜிங்’ என்கிற சின்ன லைப்ரரி, இந்த விமர்சனம் அதைப் பற்றியது. நல்ல சாமான், தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம், காசும் கிடையாது. ஆனால் பலரும் அதைப் பயன்படுத்துகிற விதம் பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதியை விட்டதால் திருப்பூரில் ஒரு யூனிட்டின் ராத்திரி ஷிப்ட் முழுக்க எங்களால் கெட்டது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆங்கில எழுத்து வருகிற வெர்ஷன்களையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். வெளியீடு எந்த நிலையில் இருக்கிறது என்று காட்ட ஆர்சி, டெவ், போஸ்ட் என்று வருகிற இடங்களில் நீங்கள் ஓட்டிப் பார்க்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் நாலு பேர் உட்கார்ந்து திருப்பூர் பக்கத்து யூனிட்டுகளுக்கு மென்பொருள் செய்கிறோம். அதில் முக்கியமானது எடை மெஷினிலிருந்து எண்ணை வாங்கிக் கொடுக்கிற ஒரு லைப்ரரி. நிட்டிங்கில் இருந்து வருகிற துணி ரோலை டையிங்குக்கு அனுப்பும்முன் எடை போடுவார்கள், டையிங் முடிந்து காம்பாக்டிங் ஆகித் திரும்பி வரும்போது மறுபடியும் போடுவார்கள், நடுவில் எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துத்தான் அங்கே கணக்கே. ஒரு கிலோ முன்னே பின்னே போனால் டெலிவரி சலானில் சண்டை வரும். எல்லா யூனிட்டிலும் ஒரு கம்ப்யூட்டர், அதில் எங்கள் லைப்ரரி, தினமும் விடியற்காலை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடி எங்கள் சர்வரில் புதிய வெர்ஷன் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றிக்கொள்ளும். இந்த ஏற்பாடு 1.9.2 வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அடுத்து 1.10.0 விட்டோம். ஒரு ரோலின் எடையில் கடைசி இலக்கம் தப்பாக விழுந்துகொண்டிருந்ததைச் சரிசெய்த வெளியீடு அது. இரண்டு நாள் கழித்து ஒரு யூனிட்டின் சூபர்வைசர் அண்ணா கூப்பிட்டார். “ஏனுங் அம்மிணி, மாத்தியாச்சுன்னு சொன்னீங்க, இங்க பழையபடியேதானுங்க காட்டுது.” இருங்கண்ணா பார்க்கிறேன் என்று சொல்லி உள்ளே போய்ப் பார்த்தால் அந்த கம்ப்யூட்டரில் இன்னும் 1.9.2. எல்லா யூனிட்டிலும் அப்படியேதான். ஸ்கிரிப்ட் தினமும் ஒழுங்காக ஓடியிருக்கிறது, சர்வரில் 1.10.0 இருப்பதையும் பார்த்திருக்கிறது, பார்த்துவிட்டு “இது பழசு” என்று முடிவு செய்து விட்டுவிட்டது. ஏனென்றால் நாங்கள் இரண்டையும் வெறும் எழுத்தாக ஒப்பிட்டிருந்தோம். எழுத்தாகப் பார்த்தால் முதல் புள்ளிக்கு அப்புறம் ஒரு பக்கம் 1, இன்னொரு பக்கம் 9. ஒன்று சின்னது, ஒன்பது பெரியது, கதை முடிந்தது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2021 அக்டோபரில் பைத்தான் 3.10 வந்தபோது, வெர்ஷன் ஸ்ட்ரிங்கின் (எழுத்து வரிசையின்) முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டிப் படித்துக்கொண்டிருந்த நிரல்கள் எல்லாம் அதை 3.1 என்று எடுத்துக்கொண்டன. யாமல் என்ற வகை அமைப்புக் கோப்பில் மேற்கோள் குறி போடாமல் 3.10 என்று எழுதியவர்களுக்கும் அதே கதி, அங்கே அது தசம எண்ணாகி 3.1 ஆகிவிடும். வெர்ஷன் என்பது எண் மாதிரித் தெரிகிற ஒன்று, அவ்வளவுதான். அது எண்ணும் இல்லை, சும்மா எழுத்தும் இல்லை, அதைப் படிக்க ஒரு விதி வேண்டும்.

விதி என்றால் திருப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். 30-ஆம் நம்பர் நூல், 40-ஆம் நம்பர் நூல் என்று பேசுகிற ஊர். பருத்தி நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதுதான் அந்த நம்பர், மெலிசாக இருந்தால் அதிகச் சிட்டம் வரும். விதி தெரியாதவர் 40-ஐப் பார்த்து 30-ஐ விடத் தடிமன் என்று நினைப்பார். இந்த நூல் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு இடத்தில் மறுபடியும் தேவைப்படும்.

பைத்தான் உலகத்தில் அந்த விதிக்குப் பெயர் பெப் 440 (பெப் என்பது பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு). நிக் காக்லனும் டொனால்ட் ஸ்டஃப்டும் எழுதியது, 2013-இல் தொடங்கியது. எது செல்லும் வெர்ஷன், எது செல்லாது, இரண்டில் எது முந்தையது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 1.0-ஐ எடுத்துக்கொண்டால் டெவ் (இன்னும் எழுதிக்கொண்டிருப்பது) முதலில், அப்புறம் ஆல்ஃபா, பீட்டா, ஆர்சி என்ற முன்வெளியீடுகள், அதற்கப்புறம் 1.0, அதற்கும் அப்புறம் போஸ்ட் (பிந்தைய சின்னத் திருத்தம்) என்று வரிசை போகும். ‘பேக்கேஜிங்’ என்பது அந்த விதியை அப்படியே நிரலாக்கிய லைப்ரரி. பைத்தான் லைப்ரரிகளை நிறுவுகிற பிப், கட்டிக்கொடுக்கிற செட்டப்டூல்ஸ் இரண்டுமே இதன் பிரதியை உள்ளே வைத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. அதனால் இது ஒரு ஸ்ட்ரிங்கைச் செல்லும் என்று சொன்னால், நாளைக்கு ஏற்றப்போகிற கருவியும் அதையேதான் சொல்லும். எனக்கு இதுதான் இதன் பெரிய பலம். அளக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே படிக்கல்லை வைத்திருக்கிற மாதிரி. (பிப்பின் உள்ளே இருக்கிற பிரதியை நேரடியாக இம்போர்ட் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம், பிப்பின் உள்வேலை எப்போது வேண்டுமானாலும் மாறும். தனியாக நிறுவிக்கொள்ளுங்கள்.)

நிறுவுவதில் ஒரு தொந்தரவும் இல்லை. 22.0 வெளியீட்டிலிருந்து இதற்கு வேறு எந்த லைப்ரரியும் துணைக்குத் தேவையில்லை, அதற்கு முன் பைபார்சிங் என்ற லைப்ரரி தேவைப்பட்டது. இன்டர்நெட் சரியாக வராத குடோன் கம்ப்யூட்டர்களுக்கு நாங்கள் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடுகிறோம், ஒரே கோப்பு, நூறு கேபிகூட வராது.

பயன்படுத்துவதும் எளிது. வெர்ஷன் என்ற கிளாஸில் ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் ஒரு பொருள் (ஆப்ஜெக்ட்) கிடைக்கும், அதைப் பெரிது சிறிது பார்க்கலாம், வரிசைப்படுத்தலாம். 1.10.0-ஐயும் 1.9.2-ஐயும் கொடுத்தால் 1.10.0 தான் பெரிசு என்று சரியாகச் சொல்லும். செல்லாத ஸ்ட்ரிங் என்றால் இன்வேலிட்வெர்ஷன் என்ற பிழையை எறியும். அப்டேட் ஸ்கிரிப்டில் ஒரு வரி மாற்றினோம், எல்லா யூனிட்டும் மறுநாள் காலையில் 1.10.0-க்கு வந்தன. கூடவே பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியில் ஒரு டெஸ்டும் எழுதினோம்: எங்கள் லைப்ரரியின் வெர்ஷனை எடுத்து இந்தக் கிளாஸில் கொடு, பிழை வராமல் இருந்தால் பாஸ்.

இந்த இடத்தில் பழைய நிரல் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இதே லைப்ரரியில் பார்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. 22.0-க்கு முன்னால், அதாவது 2022 டிசம்பருக்கு முன்னால், அதற்கு எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் பிழை எறியாது. செல்லாத ஸ்ட்ரிங்கை லெகசிவெர்ஷன் என்ற வேறொரு பொருளாக்கி அமைதியாகத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் “பார்ஸ் பண்ணிப் பார், பிழை வரவில்லை என்றால் சரி” என்று அந்தக் காலத்தில் எழுதிய டெஸ்டுகள் எதையுமே சோதிக்கவில்லை, வெர்ஷனுக்குப் பதிலாக ‘தக்காளி’ என்று எழுதியிருந்தாலும் பாஸ் ஆகியிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் வந்த பொருள் லெகசிவெர்ஷனா என்று கூடுதலாகப் பார்த்தார்கள். அவர்களுக்கு வேறு கஷ்டம், 22.0-இல் அந்தக் கிளாஸையே எடுத்துவிட்டார்கள், இம்போர்ட் வரியிலேயே டெஸ்ட் உடையும். இன்னும் பழைய பாடங்களில், பைத்தானோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த டிஸ்ட்யூட்டில்ஸில் உள்ள லூஸ்வெர்ஷன், ஸ்ட்ரிக்ட்வெர்ஷன் இரண்டையும் சொல்லித் தருவார்கள். டிஸ்ட்யூட்டில்ஸே 2023-இல் வந்த பைத்தான் 3.12-இல் இருந்து கிடையாது. தேடினால் முதலில் கண்ணில் படுகிற பதிலை எடுத்து ஒட்டாமல் அது எந்த வருடத்துப் பதில் என்று பாருங்கள்.

சரி, அந்த ராத்திரி ஷிப்ட் விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஏப்ரலில் எண் முறையையே மாற்றினோம். 1.12, 1.13 என்று சொன்னால் யூனிட்டில் யாருக்கும் எதுவும் புரிவதில்லை, வருடமும் மாதமும் இருந்தால் “போன மாசத்துது” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நல்ல யோசனைதான், இப்போதும் அதையேதான் வைத்திருக்கிறோம். முதல் வெளியீட்டுக்கு 2024.04.1 என்று பெயர் வைத்தோம். மாதத்துக்கு முன்னால் சைபர் போட்டதற்குக் காரணம் பழைய அடிதான், சைபர் இருந்தால் எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் ஏப்ரலுக்கு அப்புறம்தான் அக்டோபர் வரும். டெஸ்ட் பாஸ் ஆனது. பேக்கேஜிங் 2024.04.1-ஐ ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஏற்றுக்கொண்டபோதே அதைத் திருத்தியும் வைத்துக்கொண்டது. பெப் 440-இன்படி ஒவ்வொரு பகுதியும் முழு எண், முன்னால் வருகிற சைபருக்கு மதிப்பில்லை, ஆகவே 2024.04.1-இன் சீரான வடிவம் 2024.4.1. செட்டப்டூல்ஸ் கட்டிக்கொடுத்த வீல் கோப்பின் (நிறுவத் தயாரான தொகுப்பின்) பெயரில் 2024.4.1 என்று இருந்தது. எங்கள் அப்டேட் ஸ்கிரிப்டோ வெர்ஷன் கோப்பில் எழுதியிருந்த 2024.04.1-ஐ வைத்துக் கோப்பின் பெயரைக் கட்டி சர்வரில் தேடியது. அந்தப் பெயரில் கோப்பே இல்லை. அன்றைக்கு ஒரு யூனிட்டில் அவசர லாட், ராத்திரிக்குள் எடை போட்டு அனுப்ப வேண்டும், புதிய எடை மெஷின் ஒன்று அன்றுதான் இறக்கியிருக்கிறார்கள், அதைப் படிக்கிற நிரல் இந்த வெளியீட்டில்தான் இருக்கிறது. கையாலேயே எடை எழுதி விடிய விடிய வேலை பார்த்தார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு எங்கள் பக்கம். லைப்ரரியும் தன் விதிப்படிதான் நடந்திருக்கிறது.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்த விமர்சனத்தின் சாரம். “செல்லும்” என்பது ஒரு கேள்வி, “நான் எழுதியபடியே நிற்கும்” என்பது வேறு கேள்வி. பேக்கேஜிங் முதல் கேள்விக்கு ரொம்பத் தாராளமாகப் பதில் சொல்லும். முன்னால் வி என்ற எழுத்து போட்டு வி1.0 என்று கொடுத்தாலும் சரி என்று எடுத்து 1.0 ஆக்கும். 1.0-ஆல்ஃபா1 என்று கொடுத்தால் 1.0ஏ1 ஆக்கும். 1.0.0-ஆர்சி.1 என்பதை 1.0.0ஆர்சி1 ஆக்கும். முன்னும் பின்னும் இடைவெளி இருந்தாலோ, கோப்பிலிருந்து படிக்கும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிற புதுவரிக் குறி இருந்தாலோ, அதையும் மன்னித்துவிடும். இப்படி மன்னிப்பதற்குக் காரணம் உண்டு. பெப் 440 வருவதற்கு முன்னாலேயே ஆயிரக்கணக்கான லைப்ரரிகள் ஆளுக்கொரு விதமாக எண் போட்டு வெளியாகியிருந்தன, அவற்றையெல்லாம் முடிந்தவரை உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வருகிற எண்ணைப் படிக்க அந்தத் தாராளம் தேவைதான். ஆனால் நம் சொந்த எண்ணைச் சோதிக்கிற டெஸ்டில் அது இருக்கக் கூடாது.

அதனால் எங்கள் டெஸ்ட் இப்போது இப்படி இருக்கிறது. ஸ்ட்ரிங்கை வெர்ஷன் கிளாஸில் கொடுத்துப் பொருளாக்கு, அந்தப் பொருளைத் திரும்ப ஸ்ட்ரிங்காக்கு, முதலில் கொடுத்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு. பைத்தானில் ஒரே வரி. 2024.04.1 கொடுத்தால் திரும்பி வருவது 2024.4.1, இரண்டும் வேறு, டெஸ்ட் சிவப்பாகும், அதாவது தோற்கும். வி1.0 மாட்டும், ஹைபன் மாட்டும், கடைசிப் புதுவரியும் மாட்டும். இந்த ஒரு வரியை எழுதிய பிறகு அந்த வகைத் தொல்லை எங்களுக்கு வரவே இல்லை.

இதைச் செய்கிறபோது ஒரு பள்ளம் இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். இதே லைப்ரரியில் யூட்டில்ஸ் பகுதியில் கெனானிகலைஸ் வெர்ஷன் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. பெயரைப் பார்த்தால் நமக்குத் தேவையானது இதுதான் என்று தோன்றும். அது கடைசியில் இருக்கிற சைபர்களையும் நீக்கிவிடும், 1.10.0-ஐக் கொடுத்தால் 1.10 என்று திருப்பும். ஒப்பிட்டால் நல்ல எண்ணும் தோற்கும். 1.10-உம் 1.10.0-உம் பெப் 440-க்கு ஒரே வெர்ஷன் என்பதால் இரண்டு பெயரை ஒன்றா என்று பார்க்க அந்த ஃபங்ஷன் உதவும், நம் வேலைக்கு உதவாது.

ஹைபன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் அந்த நூல் கணக்கு வருகிறது. நிரல்களைச் சேமித்துப் பகிர்கிற கிட்ஹப் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதிய செம்வெர் என்ற இன்னொரு விதி இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் பழக்கம். 1.0.0-1 என்று எழுதினால் செம்வெர் கணக்கில் அது 1.0.0-க்கு முந்தையது, இன்னும் முழுதாக வெளிவராத முன்வெளியீடு. அதையே பெப் 440 கணக்கில் படித்தால் 1.0.0.போஸ்ட்1, அதாவது 1.0.0-க்குப் பிந்தையது. ஒரே எழுத்து, நேர் எதிர் அர்த்தம். பருத்தி நூலில் நம்பர் ஏறினால் மெலிசு, பாலியஸ்டரில் டெனியர் ஏறினால் தடிமன். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை, அதனால் அங்கே எண் கூடினால் நூலும் தடிக்கும். எது கவுண்ட், எது டெனியர் என்று கேட்காமல் ஆர்டர் போட்டால் என்ன ஆகும் என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் குழுவில் வெப் பக்கம் பார்க்கிற தம்பி சோதனை வெளியீடு என்று நினைத்து 2024.5.0-1 என்று போட்டான். அந்த டெஸ்ட் பிடித்ததால் வெளியே போகவில்லை. போயிருந்தால் எல்லா யூனிட்டிலும் அதுவே புதிய வெளியீடாக ஏறியிருக்கும்.

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் கருவியில், வெளியீட்டுக்கு வைக்கிற அடையாளமான டேகில் இருந்து எண்ணை எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கிட் டிஸ்கிரைப் கொடுக்கிற வடிவம், டேகுக்கு அப்புறம் எத்தனை கமிட் (பதிந்த மாற்றம்), அதற்கப்புறம் ஜி என்று தொடங்கும் கமிட் குறியீடு, எல்லாம் ஹைபனால் சேர்ந்து வரும். அப்படியே கொடுத்தால் இன்வேலிட்வெர்ஷன்தான். செட்டப்டூல்ஸ் எஸ்சிஎம் மாதிரிக் கருவி அதைச் சரியான வடிவத்துக்கு மாற்றித் தரும், கமிட் குறியீடு கூட்டல் குறிக்குப் பின்னால் போகும். ஆனால் கூட்டல் குறி உள்ள வெர்ஷன் செல்லும் என்று பேக்கேஜிங் சொன்னாலும் பைத்தான் லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐ அதை ஏற்காது, அது உள்ளூர் உபயோகத்துக்கு மட்டும். ஆகவே வெளியீட்டு டெஸ்டில் கூட்டல் குறிக்குப் பின்னால் வருகிற லோக்கல் பகுதி காலியாக இருக்கிறதா, இது டெவ் அல்லது முன்வெளியீடா என்பதையும் பார்த்துவிடுங்கள், அந்தப் பொருளிலேயே எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பண்பு இருக்கிறது, கேட்டால் சொல்லும். பைபிஐயில் ஒரு தடவை ஏற்றிய கோப்புப் பெயரை அழித்தாலும் மறுபடி பயன்படுத்த முடியாது, அதனால் ஏற்றுவதற்கு முன்னால்தான் சோதிக்க வேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது.

இதற்கு ஏன் ஒரு லைப்ரரி, ஒரு ரெஜெக்ஸ் (எழுத்துகளின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கிற குறிமுறை) போதாதா என்று எங்கள் குழுவிலேயே கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான், போட்டுப் பார்த்தோம். எண், புள்ளி, எண், புள்ளி, எண், கடைசியில் டாலர் குறி. இரண்டு ஓட்டை தெரிந்தது. பைத்தானில் டாலர் குறி ஸ்ட்ரிங்கின் முடிவில் மட்டுமில்லாமல், கடைசிப் புதுவரிக்கு முன்னாலும் பொருந்தும். அதனால் புதுவரி ஒட்டிய எண்ணும் பாஸ் ஆகிவிடும், முழு ஸ்ட்ரிங்கும் பொருந்த வேண்டும் என்கிற ஃபுல்மேட்ச் போட்டால்தான் தப்பிக்கலாம். இரண்டாவது ஓட்டையைத் தமிழ் தெரிந்தவர்கள்தான் சட்டென்று கண்டுபிடிப்போம். பைத்தானில் பின்சாய்வுக்கோடும் டி-யும் போட்டால் 0 முதல் 9 வரை மட்டும் என்று நினைப்போம், அது யூனிகோடில் இலக்கம் என்று குறித்த எல்லாவற்றுக்கும் பொருந்தும். தமிழ் எண்ணில் ௧.௨.௩ என்று கொடுத்தேன், ரெஜெக்ஸ் பாஸ் போட்டது. எழுத்தை முழு எண்ணாக்குகிற இன்ட் ஃபங்ஷனில் ௧௨ கொடுத்தால் ஒழுங்காக 12 என்று திருப்புகிறது. நம் எண்ணை பைத்தான் படிப்பதைப் பார்த்ததில் எனக்கு மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது, ஆனால் வெர்ஷனில் அது செல்லாது. பேக்கேஜிங்கில் கொடுத்தேன், உடனே மறுத்துவிட்டது, அதன் உள்ளே 0-9 என்றே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை, பிழைச் செய்தி. செல்லாது என்று சொல்லும், ஏன் செல்லாது, எந்த எழுத்தில் தப்பு என்று சொல்லாது. அந்த மே மாதம் இதில் ஒரு மதியம் முழுக்கப் போனது. டெஸ்ட் சிவப்பு, செய்தியில் “இன்வேலிட் வெர்ஷன்”, பக்கத்தில் மேற்கோளுக்குள் 2024.5.1. கண்ணுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. மறுபடி அடித்துப் பார்த்தால் பாஸ், கோப்பிலிருந்து படித்தால் ஃபெயில். கடைசியில் ஸ்ட்ரிங்கின் நீளத்தைக் கேட்டேன். விரல் விட்டு எண்ணினால் எட்டு எழுத்து, பைத்தான் ஒன்பது என்றது. ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் எண்ணையும் வரிசையாக அச்சிட்டபோது முதலில் நின்றது கண்ணுக்குத் தெரியாத பாம் குறி (கோப்பு எந்த யூனிகோட் முறையில் இருக்கிறது என்று காட்டுவது). வெளியீட்டு ஸ்கிரிப்டை விண்டோஸ் பவர்ஷெல் 5.1-க்கு மாற்றியிருந்தோம், அதில் யுடிஎஃப்-8 என்று சொல்லி எழுதினால் கோப்பின் தலையில் அந்தக் குறியையும் சேர்த்தே வைக்கும். ஓரத்து இடைவெளிகளை நீக்குகிற ஸ்ட்ரிப் செய்தாலும் போகாது, பைத்தானுக்கு அது இடைவெளி கிடையாது. கோப்பைப் படிக்கும்போது என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் போய்விடும். அதிலிருந்து எங்கள் டெஸ்டில் தோற்றால் ஸ்ட்ரிங்கோடு அதன் நீளமும், ஒவ்வொரு எழுத்தின் எண்ணும் அச்சாகிற மாதிரி நாங்களே எழுதிக்கொண்டோம். லைப்ரரியே இதைச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு சின்னக் குறை, ஸ்ட்ரிங்குக்குப் பதில் தசம எண்ணையோ காலி மதிப்பையோ கொடுத்துவிட்டால் எங்களிடம் இருந்த பதிப்பில் இன்வேலிட்வெர்ஷன் வரவில்லை, டைப்எரர் வந்தது. இன்வேலிட்வெர்ஷனை மட்டும் பிடிக்கிற மாதிரி எழுதியிருந்தால் அது நழுவிப் போகும். டெஸ்டின் முதல் வரியிலேயே இது ஸ்ட்ரிங்தானா என்று பார்த்துவிடுகிறோம்.

லைப்ரரிக்கு வெளியே இன்னும் ஒரு சோதனையும் சேர்த்திருக்கிறோம். நிரலுக்குள் எழுதிய வெர்ஷனும், நிறுவிய பேக்கேஜின் மெட்டாடேட்டாவில் (அதைப் பற்றிய விவரக் குறிப்பில்) இருக்கிற வெர்ஷனும் ஒன்றா என்று பார்ப்பது. பைத்தான் 3.8 முதல் இம்போர்ட்லிப் மெட்டாடேட்டா கூடவே வருகிறது, அதில் கேட்டால் கிடைக்கும். உங்கள் மெஷினில் எடிட்டபிள் முறையில் (நிரல் இருக்கிற இடத்திலிருந்தே ஓடுகிற மாதிரி) நிறுவியிருந்தால் எண்ணை மாற்றிய பிறகு மறுபடி ஒருமுறை நிறுவுங்கள், இல்லாவிட்டால் மெட்டாடேட்டாவில் பழைய எண்ணே நிற்கும், டெஸ்ட் காரணமில்லாமல் தோற்கிற மாதிரித் தெரியும்.

ஆக, யாருக்கு இது வேண்டும்? பைத்தானில் யாருக்காவது நிரல் கொடுக்கிற எல்லோருக்கும். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை, அந்த அரை பிழைச் செய்திக்காகப் போனது. செம்வெர் விதிப்படி எண் போடுகிற வேறு மொழிக்காரர்களுக்கு இது உதவாது, அந்த விதியை மீறாமல் பார்க்க செம்வெர் தளத்திலேயே ரெஜெக்ஸ் கொடுத்திருக்கிறார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அதே சூபர்வைசர் அண்ணா கூப்பிட்டார், ஒரு ரோல் எடை சந்தேகமாக இருக்கிறதாம். முதலில் ஸ்க்ரீனில் கீழே இருக்கிற நம்பரைப் படிங்கண்ணா என்றேன். ஒவ்வொரு புள்ளியையும் சொல்லி நிதானமாகப் படித்தார். சர்வரில் இருந்த கோப்பின் பெயரோடு எழுத்து மாறாமல் பொருந்தியது. அப்புறம் நேரடியாக எடை மெஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.